போரை மனிதர்கள் வழியாகப் பார்க்க: சிங்கப்பூர்ப் போர் அரும்பொருளகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இரண்டாம் உலகப் போரைச் சொல்லும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மில் பலர் அவற்றைப் பள்ளி நாளில் பார்த்ததோடு சரி. ஆசிரியர் பின்னால் வரிசையாக நடந்து, கையில் கொடுத்த தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பிவிட்டு, பேருந்தில் ஏறி வந்துவிட்டோம். அந்த வருகையில் தேதிகள் மனத்தில் நின்றிருக்கலாம். மனிதர்கள் நின்றிருக்க வாய்ப்பு குறைவு.

எந்தப் படைப்பிரிவு எந்தப் பாலத்தைத் தகர்த்தது என்பதைவிட, அடைபட்டவன் என்ன சாப்பிட்டான், பிரிந்தவள் எப்படிச் செய்தி அனுப்பினாள், தோட்டத்திலிருந்து ரயிலேறியவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கான வழிகாட்டி இது. பீரங்கிகளைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் சிலோசோ கோட்டைக்குப் போகலாம். நல்ல இடம்தான், கடற்காற்றும் உண்டு. இங்கே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

தமிழர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கதை இந்த அரும்பொருளகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்த ஒரு கட்டடத்திலும் முழுதாக இல்லை. சேர்த்துப் பார்க்கும் வேலை பார்வையாளருடையது. அதனால்தான் எந்த வரிசையில் போகிறோம் என்பது முக்கியமாகிறது.

முதல் படி: எங்கே, எந்த வரிசையில்

என் பரிந்துரை மூன்று இடங்கள். முதலில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் முன்னாள் ஃபோர்டு ஆலை. பிறகு சாங்கி சிற்றாலய அரும்பொருளகம். கடைசியில் கிராஞ்சி போர் நினைவிடம். ஃபோர்டு ஆலை ஊர் மக்களின் கதையைச் சொல்கிறது. சாங்கி சிறைப்பட்டவர்களின் கதையைச் சொல்கிறது. கிராஞ்சியில் கதையே இல்லை, பெயர்கள்தாம். முதல் இரண்டையும் பார்த்தவருக்கே அந்தப் பெயர்கள் பேசும்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஃபோர்டு ஆலையையும் கிராஞ்சியையும் ஒரு நாளில் பார்க்கலாம், இரண்டும் தீவின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சாங்கிக்குத் தனி நாள் வேண்டும்.

பெப்பிஸ் சாலையில் உள்ள புக்கிட் சண்டு அரும்பொருளகத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் நல்லதே. 1942 பிப்ரவரியில் பாசிர் பாஞ்சாங்கில் மலாய்ப் படைப்பிரிவு நடத்திய போரையும் லெஃப்டினன்ட் அட்னான் சைடியையும் பற்றியது அது. அங்கு சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி நமக்கும் தொடர்புடையது. ஜப்பானியர்கள் பஞ்சாபிப் படைவீரர்களைப் போல உடுத்தி வந்தார்களாம். அணிவகுப்பில் மூன்று பேருக்குப் பதில் நான்கு நான்கு பேராக வந்ததைக் கவனித்து, இவர்கள் இந்தியப் படையினர் அல்லர் என்று அட்னான் கண்டுகொண்டாராம்.

இரண்டாம் படி: போகும் முன்பு செய்ய வேண்டியவை

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சாங்கி அரும்பொருளகம் அன்று மூடியிருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சாங்கியிலும் ஃபோர்டு ஆலையிலும் நுழைவு இலவசம். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். கட்டணத்தையும் திறப்பு நேரத்தையும் அந்தந்த அரும்பொருளகத்தின் இணையப் பக்கத்தில் முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். பெரியவர்களை அழைத்துப் போனால் ஒரு மேல்சட்டையோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். கிராஞ்சிக்கு நேர்மாறாகக் குடையும் தண்ணீரும் தேவை. அங்கே நிழல் குறைவு, வெயில் தலைக்கு நேராக அடிக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டில் யாராவது மூத்தவர் இருந்தால், புறப்படும் முன்பு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பம் எங்கே இருந்தது?" அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே. ஆனால் கண்டவர்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கு என்றாலே முகம் சுளிக்கும் பாட்டி, "சயாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கப்பட்ட ஒரு சித்தப்பா. இப்படி ஒரு நூலிழையாவது கையில் இருந்தால் அரும்பொருளகம் உங்களுக்கு வேறாகத் தெரியும்.

மூன்றாம் படி: முன்னாள் ஃபோர்டு ஆலை

டவுன்டவுன் ரயில் பாதையில் ஹியூம் நிலையம் 2025-இல் திறந்த பிறகு இங்கே வருவது சுலபமாகிவிட்டது. முகப்பு பழைய ஆர்ட் டெகோ பாணியில் இருக்கும். 1941-இல் கட்டி முடிக்கப்பட்டபோது, தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் பொருத்தும் ஆலை இது. மறு ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், இந்தக் கட்டடத்தின் கூட்ட அறையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். அந்த அறையை இன்றும் பார்க்கலாம். அங்கே போடப்பட்டுள்ள மேசை அசல் அன்று. அசல் மேசை ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது.

பெரும்பாலோர் அந்த அறையிலேயே படம் எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அறை சிறியது, ஐந்து நிமிடம் போதும். உங்கள் நேரத்தை அடுத்து வரும் பகுதிகளுக்கு, அதாவது அதன் பின் வந்த மூன்றரை ஆண்டு வாழ்க்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படையெடுப்பு சாதாரணக் குடும்பத்தின் சமையலறைக்குள் எப்படி வந்தது என்பதை இங்கே தேடிப் பாருங்கள். ஊரின் பெயர் சியோனான் என்று மாறியது. டோக்கியோ நேரத்தோடு ஒத்துப்போகக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். ஆண்டுக் கணக்கும் மாறியது. 1942 என்பது ஜப்பானியக் கணக்கில் 2602. அரிசி பங்கீட்டுக்குப் போனது, பிறகு அதுவும் சுருங்கியது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தட்டை நிறைத்தன. வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு புழங்கியது. அச்சிட அச்சிட மதிப்பு இறங்கி, 1945-இல் ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதமானது. நம் வீடுகளில் பழைய பெட்டிகளின் அடியில் அந்த நோட்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

சூக் சிங் பற்றிய பகுதியை வேகமாகக் கடக்க வேண்டாம். சரணடைந்த சில நாள்களிலேயே சீன ஆண்களைக் கூட்டிவைத்துச் சலித்தெடுத்து, ஜப்பானுக்கு எதிரானவர்கள் என்று சந்தேகித்தவர்களைக் கொன்றார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 5,000 என்று ஜப்பானியத் தரப்பும், அதைப் போலப் பல மடங்கு என்று சீனச் சமூகமும் சொல்கின்றன. ஒரே தெருவில் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்ந்தவர்களுக்கு அந்தப் போர் ஒரே போராக இருக்கவில்லை. சீனக் குடும்பம் ஒரு மாதிரி பயந்தது. இந்தியக் குடும்பம் வேறு மாதிரி பயந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், ஜப்பானியர் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்து இந்திய விடுதலைக்காகத் திரண்ட இந்திய தேசிய ராணுவம் பற்றிய பகுதி சரியாகப் புரியும்.

இந்த அரும்பொருளகத்துக்கே ஒரு சின்ன வரலாறு உண்டு. 2017-இல் புதுப்பித்துத் திறந்தபோது அதற்குச் 'சியோனான் காட்சிக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். ஆக்கிரமித்தவன் வைத்த பெயரை எப்படிச் சூட்டலாம் என்று மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களில் பெயரை மாற்றிவிட்டார்கள். போர் முடிந்து எழுபது ஆண்டுக்கு மேல் கடந்த பிறகும் ஒரு பெயர் அவ்வளவு பேரைப் புண்படுத்தியது என்பதை, உள்ளே இருக்கும் பல காட்சிப் பொருள்களைவிட முக்கியமான சான்றாக நான் நினைக்கிறேன்.

நான்காம் படி: சாங்கி சிற்றாலய அரும்பொருளகம்

அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இருக்கிறது. தானா மேரா எம்ஆர்டி நிலையத்திலிருந்து 2-ஆம் எண் பேருந்தில் ஏறினால் வாசலருகிலேயே இறங்கலாம். காலை ஒன்பதரைக்குத் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. பள்ளிக் குழுக்கள் வந்த பிறகு, காதால் கேட்க வேண்டிய பகுதிகளில் எதுவும் கேட்காது.

2021-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு எட்டுப் பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள். சாங்கி எப்படிக் கோட்டையானது என்று தொடங்கி, விடுதலை, அதன் பின் எஞ்சியவை என்று முடிகிறது. முதல் பகுதியில் அதிக நேரம் வேண்டாம். உங்கள் நேரம் நடுவில் இருக்கும் நான்கு பகுதிகளுக்கே உரியது.

ஒரு தகவலைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். 'சாங்கி' என்று எல்லோரும் சொன்னாலும், தொடக்கத்தில் சிறைச்சாலைக் கட்டடத்துக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சுமார் 600 கைதிகளுக்காக 1936-இல் கட்டிய இடத்தில் ஏறத்தாழ 3,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சுற்றுவட்டாரப் படைமுகாம்களில் இருந்தார்கள். 1944-இல்தான் குடிமக்களை சைம் ரோடு முகாமுக்கு மாற்றி, போர்க்கைதிகளைச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். இது தெரியாவிட்டால் எந்தப் பொருள் யாருடையது என்று குழப்பம் வரும்.

இனி, எவற்றின் முன் நிற்பது? என் தேர்வு இது.

ஆர்தர் வெஸ்ட்ரப் என்ற குடிமகன் சிறையில் எழுதிய நாட்குறிப்பு, 400 பக்கம். அதை ஆப்பிரிக்காவில் இருந்த மனைவிக்கு எழுதும் கடிதங்களாக எழுதியிருக்கிறார். அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே 400 பக்கம். கண்ணாடிக்குள் ஒரு பக்கம்தான் தெரியும். கையெழுத்தைப் பாருங்கள், காகிதத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பாருங்கள்.

தீப்பெட்டிக்குள் மறைத்துவைத்த, தந்திக் குறியீட்டில் செய்தி அனுப்பும் மோர்ஸ் கருவி. பிடிபட்டால் சித்திரவதை நிச்சயம் என்று தெரிந்தும் செய்தது. ஒரு படைவீரருக்கு அவர் மனைவி கொடுத்த சிறிய கோடாக் கேமராவும் இங்கே இருக்கிறது. முறைப்படி நாட்டிற்குச் சொந்தமான ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. அவர் ஒளித்துவைத்துக்கொண்டது இதை.

சிறை அறையைப் போலவே அமைத்த ஒரு பகுதி உண்டு. உள்ளே நின்றால் கைதிகளின் உரையாடல்கள் ஒலிக்கும். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். முழுதாகக் கேளுங்கள். கைதிகள் வீரவசனம் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது காதில் விழும்.

பெண் கைதிகள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 1942-இல், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும் 'தன்னைப் பற்றி ஏதாவது' ஒன்றையும் பூவேலையாகத் தைக்கலாம். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி என்ற கைதியின் யோசனை இது. மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். ஜப்பானியப் படைவீரர்களுக்கும் ஒரு போர்வை என்று சேர்த்துச் சொன்னதால் அனுமதி எளிதானது. மறுபக்க முகாமில் இருந்த கணவனுக்கு, மனைவி உயிரோடிருக்கிறாள் என்று அந்தத் துணி சொல்லிவிடும். அந்தப் போர்வைகளில் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பாதுகாப்பாக இருக்கின்றன.

எலிசபெத் சோய் பெயரையும் தேடுங்கள். சிற்றுண்டிக் கடை நடத்திக்கொண்டு, கைதிகளுக்கு உணவும் மருந்தும் செய்தியும் கடத்திக் கொடுத்த உள்ளூர்ப் பெண்மணி. 1943 அக்டோபர் 10 அன்று கெம்பெய்தாய் எனப்பட்ட ராணுவக் காவல்துறை சாங்கிச் சிறையைச் சோதனையிட்டது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறைக்குள்ளிருந்து உளவு போனது என்று சந்தேகித்தார்கள். உண்மையில் அதைச் செய்தது ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்த ஒரு சிறு குழு. கைதிகளுக்கு அதில் தொடர்பே இல்லை. ஆனாலும் 57 பேரைப் பிடித்துப்போய் வதைத்ததில் 15 பேர் இறந்தார்கள். எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அந்தக் காவலில் இருந்து உயிரோடு வந்தார்.

முற்றத்தில் உள்ள சிற்றாலயம், போர்க்கைதிகள் முகாம்களில் கட்டியவற்றைப் பார்த்து அமைத்தது. அங்குள்ள சிலுவை, வெடித்த பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் செய்தது. எந்த மதத்தவரும் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் படைவீரர், கடும் நோயில் இருந்தபோது முகாம் மருத்துவமனையின் சிற்றாலயச் சுவரில் வரைந்த ஓவியங்களின் கதையும் இங்கே கிடைக்கும். வண்ணத்துக்கு, கிடைத்த பெயின்ட்டோடு பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் நீலச் சாக்கட்டியைக் கரைத்துச் சேர்த்தார். அசல் சுவர்கள் ராணுவ முகாமுக்குள் இருப்பதால் எல்லோரும் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது.

ஐந்தாம் படி: சாங்கியில் காணாமல் போனவர்களைத் தேடுங்கள்

சாங்கியில் சுற்றி முடிக்கும்போது ஒரு கேள்வி வர வேண்டும். கேட்ட குரல்களில் பெரும்பாலானவை வெள்ளையர்களுடையவை. சரணடைந்த படையில் பெரும் பங்கு இந்தியர்கள்தாமே, அவர்கள் எங்கே?

1942 பிப்ரவரி 17 அன்று ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி, வெள்ளை அதிகாரிகளிடமிருந்து பிரித்து, ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயே கேப்டன் மோகன் சிங், இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். பலர் சேர்ந்தார்கள். பலர் மறுத்தார்கள், மறுத்தவர்களில் நிறையப் பேரைக் கூலி வேலைக்கு நியூகினி வரை அனுப்பினார்கள். சேர்ந்தவரும் மறுத்தவரும் ஒரே ஊர்க்காரர்களாக, சில சமயம் ஒரே படைப்பிரிவினராக இருந்தார்கள்.

சங்கடமான பக்கத்தையும் தள்ளிவிடக் கூடாது. செலராங் முகாமில் 1942 செப்டம்பர் தொடக்கத்தில், தப்ப மாட்டோம் என்று உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த 15,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஒரே திடலில் நெருக்கிவைத்தார்கள். அந்த நாள்களில் தப்ப முயன்ற நால்வரைச் சாங்கிக் கடற்கரையில் சுட்டுக்கொன்றார்கள். சுட்டவர்கள் இந்திய தேசிய ராணுவத்தின் பக்கம் போன இந்தியக் காவலர்கள். நேதாஜி படத்தை வீட்டில் மாட்டியிருந்த குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படிப்பது எளிதாக இருக்காது. படித்துவிட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது சயாம் மரண ரயில். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் 1942 முதல் 1943 அக்டோபர் வரை போட வைத்த 415 கிலோமீட்டர் பாதை. நினைவில் நிற்பது போர்க்கைதிகள்: 60,000-க்கும் மேற்பட்டவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும் பகுதி ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போர்க்கைதிகளுக்கு மருத்துவ அதிகாரிகளும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. தோட்டத்துக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. காலராவில் விழுந்தவர்களைக் கணக்கெடுக்கக்கூட ஆளில்லாததால்தான் இறந்தவர் எண்ணிக்கை இன்றும் மதிப்பீடாகவே இருக்கிறது.

ஆறாம் படி: கிராஞ்சி

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கலாம், அல்லது பேருந்தில் ஓரிரு நிறுத்தம். நுழைவு இலவசம். குன்றின் சரிவில் 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். மேலே போனால் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள், கடலில் மூழ்கியவர்கள்.

கல்லறைகளில் நேரத்தைச் செலவழிப்பது இயல்பு. ஆனால் நம்மவர்களைத் தேடுபவர்கள் சுவரிடம் போக வேண்டும். படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள் செதுக்கியிருக்கும். இந்திய ராணுவப் பகுதி மிகப் பெரியது. சமயப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னமும் இங்கே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதைப் பார்க்காமல் திரும்புபவர்களே அதிகம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடி, எந்தத் தூண் என்று முன்பே குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

சயாமுக்குப் போன தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் இந்தச் சுவரில் இல்லை. அவர்கள் படைவீரர்கள் அல்லர்.

ஏழாம் படி: நேரமிருந்தால் நகர மையம்

எஸ்பிளனேடு பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னம் நின்ற இடத்தைக் காட்டும் கல் இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே அதை இடித்தார்கள். இப்போதிருக்கும் கல் 1995-இல் வைத்தது. எதிரே பாடாங். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி படையைப் பார்வையிட்ட திடல். அங்கிருந்து வாட்டர்லூ ஸ்திரீட் தூரமில்லை; அதே ஆண்டு அக்டோபரில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிய தெரு. இங்கே மருத்துவராகத் தொழில் செய்துவந்த சென்னைப் பெண் லட்சுமி சுவாமிநாதன் தலைமை. சேர்ந்தவர்களில் பலர் துப்பாக்கியை அதற்கு முன் தொட்டிராத தோட்டத்துப் பெண்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் இதன் தொடர்ச்சி கிடைக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போனால்

தொடக்கநிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகளுக்குச் சாங்கி சரியாக இருக்கும். அதற்கும் சிறியவர்களுக்கு வதை பற்றிய பகுதிகள் வேண்டாம். தீப்பெட்டிக் கருவி, சிறை அறை, சிற்றாலயம் போதும். "எத்தனை பேர் இறந்தார்கள்" என்று கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தான், ஏன் என்று அன்றிரவு சாப்பாட்டில் கேளுங்கள். பார்த்து முடித்ததும் அதே 2-ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் உணவங்காடி வரை போகும். பசித்த பிள்ளையோடு கனமான விஷயம் பேச முடியாது.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகளைப் பதிவுசெய்து வருகிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்பு பற்றிய திட்டம் 1980-களின் தொடக்கத்தில் தொடங்கியது. பல பேட்டிகளை இணையத்திலேயே கேட்கலாம். தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். அரும்பொருளகத்தில் நமக்குக் கிடைக்காத சமையலறைப் பேச்சு அங்கே கிடைக்கிறது.

பிறகு வீட்டு மூத்தவரிடம் மறுபடி போங்கள். இந்த முறை பொதுக் கேள்வி வேண்டாம். "வாழைமர நோட்டு வைத்திருந்தீர்களா? அரிசிக்கு எங்கே வரிசையில் நின்றார்கள்? யார் யார் சயாமுக்குப் போனார்கள்? அவருடைய முழுப் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்தத் தோட்டம்?" கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இடையில் திருத்தாதீர்கள். ஆண்டு தவறாகச் சொன்னாலும் சொல்லட்டும், ஆண்டைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவுக்குப் பெயர் வைக்கும்போது பேசியவரின் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதி, இன்னொரு பிரதியை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.